இரண்டாவது ரிங்

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர் எல்லாம் சரி. ஆளை முழுங்குகிற அளவுக்கு எங்கே தேங்கி நின்றாலும் நான் பத்தடி தள்ளியே நிற்பேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் நாற்பத்தாறு வயதில் ட்ரையத்லான் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஒரே நாளில் மூவாயிரத்து எண்ணூறு மீட்டர் நீந்த வேண்டும். கரையேறி நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். அதற்கப்புறம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். சொல்லக் கேட்டாலே எனக்கு முட்டி வலிக்கும்.

ஆரம்பித்து வைத்தவளும் நான்தான், அதை மறைப்பானேன். மாமனார் நாற்பத்தெட்டு வயதில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச்சேர்ந்தவர். நான்கு வருடத்துக்கு முன்னால் இவருக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, நடங்க நடங்க என்று அவர் உயிரை எடுத்தேன். நடந்தார். நடந்தவர் ஓடினார். ஓடினவர் சைக்கிள் வாங்கினார். எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் போய் நீச்சலும் கற்றுக்கொண்டார். நல்லதுதானே என்று நானும் ஏற்றிவிட்டேன். ஏற்றிவிடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

போட்டிக்கு நான்கு மாதம் இருக்கும்போது எனக்கு வெளியூர் வேலை வந்தது. நான் ரத்தப் பரிசோதனைக் கருவிகள் விற்கும் கம்பெனியில் பயிற்சியாளர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புதுக் கருவி வைத்திருந்தார்கள். அங்குள்ள லேப்காரர்களுக்கு அதைப் பழக்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இவர் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவர், லேப்டாப் இருந்தால் எங்கேயும் வேலை நடக்கும். "நானும் வர்றேன், அங்க ஒரு பெரிய ஏரி இருக்காம்" என்றார். பெட்டியோடு பெட்டியாகச் சைக்கிளும் வந்து இறங்கியது. கார் ஊரிலேயே நின்றது.

கார் இல்லாமல் வாழ முடியாத ஊர் அது. வீடு ஒரு மூலை, ஆஸ்பத்திரி ஒரு மூலை, கடை இன்னொரு மூலை. பஸ் அரை மணிக்கு ஒன்று, அதுவும் அதன் இஷ்டத்துக்கு. மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஹாலில் இரும்பு ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டி மாலையில் இரண்டு மணி நேரம் மிதிப்பார். கட்டில் வரைக்கும் அதிரும். மூன்றாம் நாளே கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார்.

"சார், மேல மாவு மில் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க, சைக்கிள்."

"சைக்கிள்ல எங்க போறீங்க?"

"எங்கயும் போகலீங்க. இங்கதான்."

அவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் மேல் ஒரு பரிதாபத்தோடு இறங்கிப் போனார்.

நீச்சலுக்கு அந்த ஊரில் குளம் கிடையாது. ஏரி மட்டும்தான். பதினோரு கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஏரி. ஒரு கரையில் பம்ப் ஹவுஸ். ஏரிக்குள் நானூறு மீட்டர் தள்ளி, தண்ணீர் உறிஞ்சுவதற்கு ஒரு கான்கிரீட் டவர். வேறு ஒன்றும் இல்லை. படகு விடுகிறவர்கள் இல்லை, குளிக்கிறவர்கள் இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தத் தண்ணீர் கறுப்பாக இருந்தது. படிக்கட்டில் மூன்றாவது படிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. 

"இதுல தனியா இறங்கப் போறீங்களா?"

"இடுப்புல மிதவை கட்டிக்குவேன். ஆரஞ்சு கலர். தூரத்துல இருந்தே தெரியும்."

"யாருக்குத் தெரியும்? பாக்க யாரு இருக்கா?"

சண்டை போட்டு, பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் என் போனுக்கு ஒரு ரிங். ஏறிய பின் ஒரு ரிங். நான் எடுக்க வேண்டியதில்லை, வகுப்பு நடத்திக்கொண்டிருப்பேன். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் ஒன்றே கால் மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் நான் கிளம்பி வந்துவிடுவேன் என்று மிரட்டியிருந்தேன். எதில் வருவேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அந்த ஒன்றே கால் மணி நேரத்தை எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வாரத்தில் நான்கு நாள். கருவிக்குள் ரத்தக் குழாய்களை அடுக்கிக் காட்டிக்கொண்டே இருப்பேன், காது மட்டும் கோட்டுப் பையில் இருக்கும். கால் எதிலோ சிக்கியிருக்கும், நெஞ்சைப் பிடித்திருக்கும், கத்தியிருப்பார், யாருக்குக் கேட்டிருக்கும் என்று ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு பையில் ஒரு அதிர்வு. உயிர் திரும்பி வரும். உடனே அடுத்த கூத்தை ஆரம்பித்துவிடுவேன்.

அடுத்த கூத்து எங்கள் குடும்ப வாட்ஸப் குழு. அதில் இருபத்தாறு பேர். அதற்குத் தலைமை என் நாத்தனார், இவருடைய மூத்த அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். அம்மா இல்லாத வீட்டில் இவரைத் தூக்கி வளர்த்தவர். "இவனெல்லாம் எதையும் முழுசா முடிச்சதே இல்ல" என்று என் கல்யாணத்தன்றே என்னிடம் சொன்னவர். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் கொடுக்கத்தான் நான் பத்தொன்பது வருடமாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது. இவர் வீட்டுக்கு வந்ததும் எத்தனை மீட்டர் என்று கேட்பேன். சொல்வார். குழுவில் போடுவேன். "இன்று 2400. ஏரி அமைதி. ஆள் புலி." அடுத்த வாரம் 2800. பிறகு 3000. கைதட்டல் படங்களாக வந்து குவியும். கொழுந்தனார் இவர் முகத்தை அச்சடித்துப் பதினோரு டி-ஷர்ட் தைக்கக் கொடுத்துவிட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு நாள் மட்டும் ஒன்று தோன்றியது. நீந்தும்போது போடுகிற ரப்பர் உடையைக் கொடியில் போடப் போனேன். ஈரமே இல்லை. முழங்காலுக்குக் கீழே மட்டும் லேசாக ஈரம்.

"அதுக்குள்ள காஞ்சிடுச்சா?"

"வழியெல்லாம் எதிர்க்காத்து" என்றார்.

எதிர்க்காற்றுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

பத்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, அண்ணி போன் செய்தார். "சனிக்கிழமை எல்லாரும் வேன் பிடிச்சு வர்றோம். அவன் நீந்தறத இந்தக் கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் நம்புவேன்" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தாராளமா வாங்க அண்ணி. மூவாயிரத்து எண்ணூறையும் உங்க முன்னாடியே நீந்திக் காட்டச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகுதான் இவரிடம் சொன்னேன். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்தார்.

"என்னைக் கேக்காம ஏன் சொன்னே?"

"ஏன், வெக்கமா இருக்கா?"

"இல்ல" என்றார். எழுந்து போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். எண்ணெய் போகவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வியாழன். ஏழு ஐந்துக்கு முதல் ரிங் வந்தது. எட்டு இருபதுக்கு வர வேண்டிய இரண்டாவது ரிங் வரவில்லை.

எட்டு இருபத்தைந்துக்கு என் நாக்கு குழற ஆரம்பித்தது. எந்தக் குழாயை எந்தத் தட்டில் வைப்பது என்று சொல்லிக்கொண்டே தவறான தட்டில் வைத்தேன். என்னிடம் பயிற்சி எடுக்கிற பெண் ஒருத்தி, "அக்கா, அது வேற தட்டு" என்றாள். எட்டரைக்கு நானே போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி. ஏழு தடவை.

"அவர் தண்ணியில இருந்து ஏறல" என்றேன்.

"யாரு அக்கா?"

"என் வீட்டுக்காரர். ஏரியில. தனியா."

அந்தப் பெண்ணின் ஸ்கூட்டர் பழுதுபார்க்கப் போயிருந்தது. வாடகைக் காருக்குப் பார்த்தால் முப்பத்தைந்து நிமிஷம் என்றது. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, வாசலுக்கு ஓடினேன். ஏரிப் பக்கம் போகிற பஸ் நிறுத்தத்தில் இருந்தது. டிரைவர் வெளியே நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"சார், சீக்கிரம் எடுங்க. ஒரு உயிர் போயிட்டிருக்கு."

அவர் என் கோட்டைப் பார்த்து டாக்டர் என்று நினைத்துக்கொண்டார். அதற்காக நான் இப்போதும் அந்தக் கோட்டுக்கு நன்றி சொல்கிறேன். இரண்டு நிறுத்தங்களில் நிறுத்தாமல் போனார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காரப் பயமாக இருந்தது. உட்கார்ந்தால் நடந்துவிட்டது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கண்ணை மூடினால் கறுப்புத் தண்ணீரில் அந்த மூன்றாவது படி தெரிந்தது. அண்ணியிடம் என்ன சொல்வேன் என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, இந்த நேரத்திலும் இது ஒரு கவலையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நிறுத்தத்திலிருந்து ஏரிக்கு ஒரு கிலோமீட்டர். பத்தொன்பது வருடத்தில் நான் பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லை. அன்றைக்கு ஓடினேன். செருப்பு ஒன்று அறுந்தது. இரண்டையும் விட்டுவிட்டு ஓடினேன். மூச்சு எரிந்தது. கரைக்கு ஏறியதும் முதலில் சைக்கிளைப் பார்த்தேன், வேலியில் சாய்த்துப் பூட்டியிருந்தது. படிக்கட்டில் அவர் பை. மடித்து வைத்த சட்டை, பேன்ட். பைக்குள் போன், அதில் என்னுடைய ஏழு அழைப்புகள்.

ஏரியில் யாரும் இல்லை. ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் பார்த்தேன். ஆரஞ்சு நிறம் எங்கேயும் இல்லை. டவர் மட்டும் நடுவில் நின்றது. ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டேன். கூப்பிடக்கூட அவருக்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கவில்லை, வெறும் ஏங்கதான்.

சத்தம் கேட்டுப் பம்ப் ஹவுஸிலிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை, காதில் சத்தத்துக்கு மாட்டுகிற மூடி. பம்ப் ஆபரேட்டர்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"என் வீட்டுக்காரர். தினமும் இங்க நீந்த வருவார். ஏழு மணிக்கு இறங்கினவர், இன்னும் ஏறல."

அந்த அம்மா படியில் இருந்த பையைப் பார்த்தார். "இந்த சைக்கிள் சாரா? அவர் நீந்தமாட்டாரேம்மா."

"என்னங்க பேசறீங்க. அவர் தினமும் மூவாயிரம் மீட்டர் நீந்தறவர்." அந்த நிலைமையிலும் எனக்குக் கோபம் வந்தது பாருங்கள். புருஷனைக் காணவில்லை, கணக்குக்குச் சண்டை போடுகிறேன்.

"நான் ரெண்டு மாசமா பாக்கறேன்மா. ரப்பர் சட்டையைப் போட்டுக்குவார். போன் எடுத்து ஒரு தடவை அடிப்பார். அப்புறம் இந்தப் படியிலதான் உக்காந்திருப்பார். முட்டி வரைக்கும் இறங்குவார், நிப்பார், ஏறிடுவார். ஒரு நாள் கேட்டேன், என்ன சார், தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கான்னு. சிரிச்சார். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடியும் போன் அடிச்சுட்டுக் கிளம்பிடுவார்."

 படியில் உட்கார்ந்துவிட்டேன். கொடியில் ஈரமில்லாமல் தொங்கிய உடை. 2400, 2800, 3000. எல்லாம் நான் கேட்டுக் கேட்டு வாங்கிய எண்கள். மாதக்கணக்கில் இந்தப் படியில் உட்கார்ந்து இந்தத் தண்ணீரைப் பார்த்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். நான் அங்கே லேபில் பயந்துகொண்டு இருந்திருக்கிறேன். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து, புலி என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"இன்னைக்கு?" என்றேன்.

"இன்னைக்குத்தான் இறங்கினார்" என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. "நான்கூட சந்தோஷப்பட்டேன். டவரைப் பாத்துப் போனார். அப்புறம் வடிகட்டி கழுவ நான் உள்ள போயிட்டேன்."

அவர் யாருக்கோ போன் செய்தார். தீயணைப்பு வண்டி வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். போனை வைத்துவிட்டு, "டவருக்கு அந்தப் பக்கம் இங்கிருந்து தெரியாது. ஏணி அந்தப் பக்கம்தான் இருக்கு. படகு இருக்கு, குப்பை அள்ளறதுக்கு. நீங்க இங்கயே இருங்க" என்றார்.

"நானும் வர்றேன்."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். படகை அவிழ்த்தார்.

தகரப் படகு. கால் வைத்ததும் ஒரு பக்கம் சாய்ந்தது. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் தண்ணீர், அது ஒரு விரல் தூரத்தில் இருந்தது.  பம்ப் அக்கா துடுப்புப் போட்டார். டவர் கிட்டே வந்தது. இந்தப் பக்கச் சுவரில் பாசி மட்டும். கூப்பிட்டேன். பதில் இல்லை. சுவரை ஒட்டிப் படகு திரும்பியது. எனக்குப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இருக்கார்மா" என்றார் பம்ப் அக்கா.

இருந்தார். துருப்பிடித்த இரும்பு ஏணியின் கீழ்ப்படியில் நின்றுகொண்டு, இடுப்பு வரைக்கும் தண்ணீரில், இரண்டு கையையும் கம்பிக்குள் விட்டுக் கோத்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு மிதவை முதுகுப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. உதடு நீலம். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். ஆச்சரியப்படக்கூட இல்லை.

"கீழ ஒண்ணுமே தெரியல" என்றார். பல் அடித்துக்கொண்டது. "பாதி வந்ததும் கீழ பாத்துட்டேன்."

"பரவாயில்லங்க. வந்துட்டோம். கையை விடுங்க."

"முடியல."

படகை ஏணியோடு ஒட்டினார் பம்ப் அக்கா. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் தோளைத் தொட்டார். "சார், படகு பக்கத்துலயே இருக்கு. கையை மட்டும் எடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்." அவர் தலையை ஆட்டினார், கை வரவில்லை. நான் பலகையை விட்டுவிட்டு முன்னால் நகர்ந்தேன். அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தன. ஒன்றைப் பிரித்தால் மற்றது இன்னும் இறுகியது. எனக்குப் பயத்தில் கோபம் வந்தது, எனக்கு எல்லாமே கோபமாகத்தான் வரும். "அறிவிருக்கா உங்களுக்கு? விடுங்கன்னு சொல்றேன்ல. செத்துப்போகப் போறீங்க" என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கம்பியோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டார்.

"சனிக்கிழமை எத்தனை பேர் வர்றாங்க?" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. உளறுகிறார் என்று நினைத்தேன். "என்னது?"

"அக்காகூட. எத்தனை பேர்?"

"பதினோரு பேர்" என்றேன்.

 அவர் கை இன்னும் ஒரு சுற்று இறுகியது, என் உள்ளங்கையில் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பயந்தது இந்தத் தண்ணீருக்கு மட்டும் இல்லை. கரைக்கு வந்தால் அங்கே நான் இருக்கிறேன். என் போன் இருக்கிறது, பதினோரு டி-ஷர்ட் இருக்கிறது. அதற்கு இந்தத் துருப்பிடித்த ஏணியே மேல் என்று நிற்கிறார். என்னிடமிருந்து தப்பிக்க என் புருஷன் ஏரி நடுவில் தொங்குகிறார். எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

"யாரும் வரமாட்டாங்க" என்றேன். "நான் சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"நீங்க ஒரு நாள்கூட இங்க நீந்தலன்னு. போட்டிக்குப் போகலன்னு."

கண்ணைத் திறந்தார். "இப்பவே போடு" என்றார்.

"கரைக்குப் போனதும் போடறேன். முதல்ல கையை..."

"இப்பவே."

கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தேன். எழுத்து எழுத்தாகத் தப்பாகப் போனது. அழித்து அழித்து அடித்தேன். பம்ப் அக்கா இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துப் படகை நிறுத்திக்கொண்டிருந்தார்.  அடித்ததை என் புருஷன் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கி வாய்க்குள் படித்தார்.

"அவர் இந்த ஏரியில் ஒரு நாளும் நீந்தவில்லை. அவருக்கு இந்தத் தண்ணீர் பயம். எனக்குத் தெரியாமல் இருந்தது. போட்டிக்குப் போகவில்லை. சனிக்கிழமை யாரும் வர வேண்டாம்."

"சரியா இருக்கா?"

"ம்."

அனுப்பினேன்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. ரெண்டு பேர் பாத்துட்டாங்க."

"அக்கா?"

"முதல்ல பாத்தது அண்ணிதான்."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். இடது கை விட்டது. பிறகு வலது கை. பம்ப் அக்கா இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தார், நான் கழுத்துப் பக்கம் உடையைப் பிடித்து இழுத்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. அவர் என் மடியில் வந்து விழுந்தார். கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினேன். என் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதை அணைத்துவிட்டு, கரை வரும்வரைக்கும் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.